அன்று காலை நான் என்ன பார்த்தேன்?

திருச்சி தில்லைநகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். சர்க்கரை நோய் வந்தபோது மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். பள்ளி ஆசிரியைக்கு மாலை நேரம் சொந்தமாக இருப்பதில்லை. விடைத்தாள், டியூஷன், மாமியாருக்கு மாத்திரை, இரவுச் சமையல் என்று அது கரைந்துவிடும். மிஞ்சியது விடியற்காலை மட்டும்தான். ஐந்து மணிக்குப் படி இறங்கினால் ஆறுக்குள் திரும்பிவிடலாம். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குக்கர் வைத்து, ஏழே காலுக்கு பஸ் பிடிக்கலாம். பக்கத்து கிராஸ்களில், அதாவது குறுக்குத் தெருக்களில், இருந்து நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சாஸ்திரி ரோடு வரை போய்த் திரும்புவோம். அந்த ஒரு மணி நேரத்தில் எங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திருமணமான நாளிலிருந்து எனக்கென்று கிடைத்த ஒரே மணி நேரம் அதுதான்.

2012 மார்ச் 29, வியாழக்கிழமை. பிளஸ் டூ தேர்வுகள் முடியும் நேரம். அப்போதெல்லாம் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தெருவிளக்கு இல்லாத இருட்டில் நடந்து பழகியிருந்தோம். அன்றும் நடந்தோம், திரும்பினோம். நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

ஆசிரியர் அறையில்தான் செய்தி வந்தது. எங்கள் தில்லைநகரைச் சேர்ந்த தொழிலதிபர் கே.என். ராமஜெயம், முன்னாள் அமைச்சர் கே.என். நேருவின் தம்பி, விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. பிறகு, கல்லணை சாலையில் திருவளர்சோலை அருகே காவிரிக் கரைப் பகுதியில் அவருடைய உடல் கட்டப்பட்ட நிலையில் கிடந்தது என்றார்கள். எனக்கு அவரைத் தெரியாது, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனால் நாங்கள் நடந்த அதே வேளையில், நாங்கள் நடந்த அதே பகுதியில், நடக்கப் புறப்பட்ட ஒரு மனிதர் அவர். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், ஒரு வாய் கூட இறங்கவில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவரைக் கொன்றது யார் என்பது தெரியவில்லை. உள்ளூர் போலீஸ் விசாரித்தது. அந்த ஆண்டே வழக்கு மாநிலக் காவல்துறையின் சிபிசிஐடி பிரிவுக்குப் போனது. குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாடியதால், 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை சிபிஐக்கு மாற்றியது. 2022-ல் மீண்டும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. துப்புக் கொடுப்பவருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். 2023 தொடக்கத்தில், ஒப்புதல் தந்தவர்களுக்கு உண்மை கண்டறியும் (பாலிகிராஃப்) சோதனையும் நடத்தினார்கள். ஆட்சிகள் மாறின, அதிகாரிகள் மாறினார்கள்.

வழக்கு ஒவ்வொரு கை மாறும்போதும் எங்கள் தெருவை யாராவது புதிதாக வந்து விசாரிப்பார்கள். எங்கள் நடைக் குழு ஐந்து பேரையும் விசாரித்தார்கள். நான் மட்டும் நான்கு முறை பதில் சொன்னேன். அந்த நான்கு முறைகளில் நான் கற்றதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை, சம்பவம் நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு காவலர் வந்து, "டீச்சர், சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஒரு பத்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள்" என்றார். எந்தக் காகிதமும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பள்ளி முடிந்து நேராகப் போனேன். மாலை ஐந்தரைக்குப் போனவள் இரவு ஒன்பதேகாலுக்கு வெளியே வந்தேன். என்னிடம் பேசியது என்னவோ கால் மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். அடுத்த நாள் தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அன்றைக்கே சட்டம் அப்படித்தான் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-வது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விதி 179-வது பிரிவாக இருக்கிறது. பெண்களோடு, பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாக நோயுற்றவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். வரச் சொல்வதை எழுத்தில் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதை எனக்குச் சொன்னவர் பல ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கறிஞர். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கே தெரியவில்லை என்றால், எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுபவருக்கு எப்படித் தெரியும்?

அவரைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விசாரணை தொடங்கியதும் முதலில் அலைக்கழிக்கப்பட்டவர்கள் இரவுக் காவலாளிகள், பால் போடும் பையன்கள், ஆட்டோக்காரர்கள், இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடைக்காரர். விடியற்காலையில் தெருவில் இருப்பது அவர்களுடைய பிழைப்பு. அதனாலேயே முதல் கேள்வி அவர்களிடம் போனது. கேட்பதில் தவறில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எங்களுக்கு இரண்டு முறை அழைப்பு வந்தால் அவர்களுக்கு இருபது முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. ஒரு காவலாளி, அறுபதைக் கடந்தவர், "தெரிந்தால் சொல்ல மாட்டேனா அம்மா" என்று என்னிடம் அழுதார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் போனதும், "ஏன் ஓடினான்?" என்று தெருவில் பேசினார்கள். அந்தப் பேச்சை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

துப்புத் துலங்காத கொலை ஒரு ஊருக்குச் செய்யும் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். குற்றவாளியின் இடம் காலியாக இருக்கிறது. காலியான இடத்தில் ஊர் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் பகுதியில் ஆளுக்கொரு கதை இருந்தது. நிலத் தகராறு என்றார் ஒருவர், அரசியல் என்றார் ஒருவர், இன்னொருவர் பெயரோடு சொன்னார். திருமண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் மேல் கொலைப் பழி போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நடைக் குழுவில் ஒரு தோழியின் கணவருடைய பெயர் கூட ஒரு கட்டத்தில் அடிபட்டது, அவர் நிலம் வாங்கி விற்பவர் என்ற ஒரே காரணத்துக்காக. போலீஸ் அவரிடம் பேசியதா என்று கூட யாருக்கும் தெரியாது. அந்தத் தோழி எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் நேரில் போய் அழைத்தேன். "வேண்டாம் அக்கா, நான் வந்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள்" என்றார். அதன் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வழக்கில் யார் பெயரையும் நான் என் வாயால் சொல்வதில்லை. என் முன்னால் யாராவது சொன்னால், "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்பேன். ஆசிரியை குரலில் கேட்டால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும்.

உண்மை கண்டறியும் சோதனையை வைத்தும் இப்படித்தான் பேசினார்கள். சோதனைக்கு உட்பட்டவர் என்றாலே குற்றவாளி என்பது போலவும், மறுத்தவர் என்றால் நிச்சயம் குற்றவாளி என்பது போலவும். அந்தச் சோதனையை ஒருவர் மேல் கட்டாயமாக நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதமே, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாலும் அதன் முடிவை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. மறுப்பது உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்துவது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

முதல் விசாரணையில் நான் சொன்னது: "ஒரு கிராஸ் முனையில் ஒரு கார் நின்றிருந்த மாதிரி இருந்தது. நிறம் கவனிக்கவில்லை." சில மாதங்கள் கழித்து இரண்டாவது முறை கேட்டபோதும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்து மூன்றாவது முறை வேறு அதிகாரிகள் வந்தபோது, காரின் நிறம் எனக்கு "நினைவுக்கு வந்திருந்தது". நான்காவது முறை, 2022-ல், அது என்ன வகைக் கார் என்பதையே சொன்னேன். அப்போது ஒரு குறிப்பிட்ட வகைக் கார் பற்றிச் செய்தித்தாள்களில் நிறைய எழுதிக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்த அதிகாரி இளைஞர், பொறுமையானவர். எழுதுவதை நிறுத்திவிட்டு, "டீச்சர், இது நீங்கள் பார்த்ததா, படித்ததா?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கார் எனக்குத் தெரிகிறது. அதன் பின்பக்கம், கண்ணாடி, முனையில் அது திரும்பி நிற்கும் கோணம், எல்லாமே தெரிகிறது. ஆனால் மின்சாரம் இல்லாத இருட்டில் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நான் அவ்வளவும் பார்த்திருக்க முடியாது. பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு செய்தியும், ஒவ்வொரு பேச்சும் என் நினைவின் மேல் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போயிருக்கிறது. அது இந்தக் கொலையோடு தொடர்பே இல்லாத, யார் வீட்டு விருந்தினரின் காராகவோ இருந்திருக்கலாம். பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பொய் என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியவில்லை. என் ஒரு சொல்லை நம்பி, அதுபோன்ற கார் வைத்திருந்த யாரோ ஒருவரை அழைத்துப்போய் உட்கார வைத்திருந்தால்?

ஆகவே என் பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் தெருவில் ஏதாவது நடந்துவிட்டால், அன்றைக்கே, டிவியைப் போடுவதற்கு முன், ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டேன், எந்த வழி, யாரைப் பார்த்தேன், வெளிச்சம் எப்படி இருந்தது. தெரியாததையும் எழுதுங்கள்: "நிறம் தெரியவில்லை", "மணி பார்க்கவில்லை". தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கூட வந்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். ஒப்பிட்டால் இரண்டு சாட்சி ஒரு சாட்சி ஆகிவிடும். நாங்கள் ஐந்து பேரும் அன்று சாயங்காலமே ஒரு வீட்டு மாடியில் கூடி மணிக்கணக்காகப் பேசினோம். அதன் பிறகு ஐந்து பேருக்கும் ஒரே நினைவுதான் இருந்தது.

விசாரிக்கும்போது "தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். எதிரில் இருப்பவர் நம்பிக்கையோடு பார்க்கும்போது ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் போல இருக்கும். வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த உபசாரம் அங்கே வேண்டாம். போலீஸ் விசாரணையில் எழுதிக்கொள்ளும் சாட்சியின் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வார்த்தை உறுதியாகப் பதிவாக வேண்டும் என்றால் அதற்கு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் தரும் வழி தனியாக இருக்கிறது.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் எங்கள் கிராஸில் ஒரு வீட்டில் கூட கேமரா இல்லை. அதன் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நாங்களும் குடியிருப்போர் சேர்ந்து பணம் போட்டு இரண்டு வைத்தோம். ஒருமுறை சங்கிலிப் பறிப்பு நடந்தபோது பதிவை எடுக்கப் போனால், ஒன்றின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. இன்னொன்றில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிட்டது. மாதம் ஒரு முறை நேரத்தைச் சரிபார்ப்பதும், லென்ஸைத் துடைப்பதும், ஏதாவது நடந்தால் அன்றே பதிவைத் தனியாக எடுத்து வைப்பதும் யாராவது ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இப்போது அது என் வேலை.

இன்னொரு வீட்டுக் கதையையும் இதோடு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் தம்பி 2016-ல் ஒரு கிராமத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் கூட அவர்களிடம் இல்லை. "கேட்டால் கோபிப்பார்கள் டீச்சரம்மா" என்றார். அவருடைய தம்பி மனைவிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அமைச்சர் பதவி வகித்தவரின் குடும்பத்துக்கே நீதி கிடைக்கவில்லை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டத் தெரிந்தது. இவர்களுக்கு எந்தக் கதவு என்றே தெரியவில்லை. அந்த வழக்கறிஞரை மறுபடி பார்க்கப் போனேன். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பணம் வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம் என்றார். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் வழக்கை முடிக்கப் போனால், புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அதை எதிர்த்து மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். முடித்த வழக்கையும் புதிய தடயம் கிடைத்தால் மீண்டும் விசாரிக்கலாம். கொலைக்குக் கால வரம்பு கிடையாது.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இழப்பீடு. கொலையாளி பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனை ஆன பிறகுதான் இழப்பீடு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குற்றவாளி அடையாளம் காணப்படாவிட்டாலும், நீதிமன்ற விசாரணையே நடக்காவிட்டாலும், இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்யலாம். பழைய சட்டத்தில் 357 ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, இப்போதைய சட்டத்தில் 396-வது பிரிவு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். முதல் தகவல் அறிக்கை நகல், உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் எத்தனை முறை நடந்தார் என்று எண்ணினேன். மொத்தம் பதினேழு நடை. பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போனேன். நான் கூட நின்றபோது அவரை உட்காரச் சொன்னார்கள். தனியாகப் போனபோது சொல்லவில்லை. படித்தவர் ஒருவர் கூடப் போய் நிற்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். பணம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த தொகையில் பெரும் பகுதியைப் பிள்ளைகள் பேரில் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறார்கள். கொன்றவர் யார் என்பது அந்தக் குடும்பத்துக்கும் இன்றுவரை தெரியாது.

எங்கள் நடை நின்றுபோனதைச் சொல்லவில்லையே. மார்ச் 30 அன்று யாரும் இறங்கவில்லை. ஏப்ரலில் நான் செருப்பை மாட்டியபோது மாமியார் கதவில் வந்து நின்றார். "ஒரு ஆண்பிள்ளைக்கே இந்தக் கதி. நீ எதற்கு இருட்டில்?" என்றார். கணவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சாவியை எடுத்து வைத்துவிட்டார். பகலில் பழைய மாதிரியே பஸ்ஸில் போனேன், கடைக்குப் போனேன், அதற்கெல்லாம் தடை இல்லை. எனக்கென்று இருந்த அந்த ஒரு மணி நேரம் மட்டும் போய்விட்டது. மொட்டை மாடியில் நாற்பது அடி போய், நாற்பது அடி திரும்பி, ஏழு ஆண்டுகள் நடந்தேன். ஒரு தோழிக்கு அந்த ஆண்டே சர்க்கரை ஏறியது, நடையை விட்டதால்தான் என்று அவருடைய மருத்துவர் சொன்னாராம்.

2019-ல் ஒருநாள், கொலுவுக்கு வருவதை நிறுத்தியிருந்த தோழி கீழே வந்து என்னை அழைத்தார். ஐந்தரை மணி, ஓரளவு வெளிச்சம் வந்திருந்தது. இருவரும் எதுவும் பேசாமல் சாஸ்திரி ரோடு வரை போய்த் திரும்பினோம். இப்போது நான்கு பேராக நடக்கிறோம். இருவர் புதியவர்கள், சின்ன வயதுக்காரர்கள். அந்தச் சம்பவம் நடந்தபோது அவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது விசாரணை முடிந்த அன்று இரவு, ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்தேன். நான் பார்த்தது, நான் படித்தது, மற்றவர் சொன்னது. பத்து ஆண்டு தாமதம்தான், தெரியும். படித்தது இரண்டு பக்கம் ஓடியது, மற்றவர் சொன்னது ஐந்து பக்கம். பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு அதை வைத்திருக்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும் முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்டுவேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

மின்சாரம் இல்லை. ஏதோ ஒரு கிராஸ் முனையில் ஒரு கார் நின்றது. நிறம் தெரியாது. உள்ளே ஆள் இருந்தாரா, தெரியாது. மணி பார்க்கவில்லை.